செண்டுமல்லியும் வாடாமல்லியும் ஒரே ஜாடியில்: எதிரெதிர் நிறப் பூக்களைச் சேர்ப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் தோட்டத்தில் ஆரஞ்சுச் செண்டுமல்லி, ஊதா வாடாமல்லி, ரோஸ் ஜினியா, வெள்ளை நந்தியாவட்டை நான்கும் ஒரே சமயத்தில் பூத்துக் குலுங்குகின்றன. செடியில் இருக்கும்வரை அழகாக இருப்பவை, பறித்து ஒரே ஜாடியில் வைத்ததும் கண்ணை உறுத்துகின்றன. எந்த நிறத்தோடு எது சேரும் என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். வேலியோரத்துச் சிவப்பு அரளியையும் சேர்க்கலாமா என்று கடைசியில் ஒரு வரி. பட்டியல் தருவது சுலபம், ஆனால் அது உங்களுக்குப் பயன்படாது. தனித்தனியே நன்றாக இருக்கும் நிறங்கள் சேர்ந்ததும் ஏன் கெட்டுப்போகின்றன என்பதுதான் உங்கள் கேள்வியே. அதே ஆரஞ்சும் அதே ஊதாவும் ஒருவர் கையில் பிரமாதமாக வரும், இன்னொருவர் கையில் கண்றாவியாகிவிடும். ஜோடி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எவ்வளவு வைக்கிறோம், எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. துணிச்சாயத் தொழிலில் ஷேடு பார்ப்பது என் வேலை. வாடிக்கையாளர் தரும் மாதிரித் துண்டும் நாங்கள் போட்ட சாயமும் ஒத்துப்போகின்றனவா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவன். பூ வளர்ப்பதும் ஜாடியில் வைப்பதும் பல வருடப் பழக்கம். ஆகவே நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் உறுதியாகப் பேசுவேன். உரம், பூச்சி என்று கேட்டால் வேறு ஆளிடம் அனுப்பிவிடுவேன்.

எங்கள் தொழிலில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு பழைய கதை உங்கள் ஜாடிக்கு நேராகப் பொருந்தும். மிஷெல் யூஜீன் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1824-இல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அங்கே நீல, ஊதாத் துணிகளில் நிழல் காட்டப் பயன்படுத்திய கறுப்பு நூல் கறுப்பாகவே தெரியவில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார். அவர் சாயத்தைச் சோதித்தார், வேறு பட்டறைகளின் கறுப்பு நூலோடும் ஒப்பிட்டார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் பலத்தைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து 1839-இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். பூப்பாத்திகளில் நிறங்களை எப்படி அடுக்குவது என்பதும் அதில் உண்டு. சாரம் இதுதான்: இரண்டு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்ப்பக்கமாகத் தள்ளும்.

நீங்களே செய்து பார்க்கலாம். நன்கு விரிந்த ஆரஞ்சுச் செண்டுமல்லி ஒன்றைக் கையில் பிடித்து, அரை நிமிடம் அதன் நடுவையே கண் அசையாமல் பாருங்கள். பிறகு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், பூ இருந்த இடத்தில் நீலச் சாயலோடு ஒரு வட்டம் மிதக்கும். அந்த நீலத்தைக் கண்தான் உண்டாக்குகிறது. அரை நிமிடம் உற்றுப் பார்த்தால் பட்டவர்த்தனமாகத் தெரிகிற இந்த விஷயம், சாதாரணமாகப் பார்க்கும்போதும் உள்ளுக்குள் நடந்துகொண்டேதான் இருக்கிறது. செண்டுமல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் எந்தப் பூவின் மீதும் கண் கொஞ்சம் நீலத்தைப் பூசிவிடும். வாடாமல்லிக்கு அது லாபம், ஊதா இன்னும் ஆழமாகத் தெரியும். ரோஸ் ஜினியாவுக்கு நஷ்டம். செடியில் இருந்தபோது அதில் தெரிந்த இளஞ்சூடு போய், ஊதா கலந்த ஒரு குளிர்ந்த ரோஸாகிவிடும். பதிலுக்கு ஜினியா ஆரஞ்சை மஞ்சள் பக்கமாகத் தள்ளும். ஆக நிறவட்டத்தில், அதாவது நிறங்களை வரிசையாக வட்டத்தில் அடுக்கிய படத்தில், நேர் எதிரே இருப்பவை ஒன்றையொன்று தூக்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களான ஆரஞ்சும் ரோஸும்தான் ஒன்றையொன்று இடம் மாற்றும். உங்கள் ஜாடியில் குற்றவாளி எதிர்நிறம்தான் என்று நினைத்திருப்பீர்கள். என் கணிப்பில் பாதிக் குற்றம் இந்த நெருங்கிய ஜோடியினுடையது.

மீதிப் பாதி அளவில் இருக்கிறது. நான்கு செடி இருந்தால் நான்கிலும் சமமாகப் பறிக்கத்தான் கை போகும். எல்லாமே நாம் வளர்த்தது, எதையும் விட மனம் வராது. ஆனால் பலமான நிறங்கள் சம அளவில் இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தாவிக்கொண்டே இருக்கும். அந்தத் தவிப்பைத்தான் ‘உறுத்துகிறது’ என்கிறோம். எனவே ஒரு நிறத்தை ஆளவிடுங்கள். வாடாமல்லி ஒரு கை நிறைய, செண்டுமல்லி மூன்றே மூன்று என்று வைத்துப் பாருங்கள். அந்த மூன்றும் விளக்கேற்றினாற்போல் நிற்கும். தலைகீழாகவும் செய்யலாம்: செண்டுமல்லி ஜாடி நிறைய, ஓரத்தில் ஒரு கொத்து ஊதா. இரண்டுமே நன்றாக வரும். ஐம்பதுக்கு ஐம்பதுதான் வராது.

இதற்குப் பழைய நிறப் பாடங்களில் ஒரு கணக்கே உண்டு. மஞ்சள் ஒரு பங்குக்கு ஊதா மூன்று பங்கு, ஆரஞ்சு ஒன்றுக்கு நீலம் இரண்டு, சிவப்பும் பச்சையும் சமம் என்பார்கள். மஞ்சள் தானாகவே வெளிச்சமான நிறம், கொஞ்சம் இருந்தாலே போதும் என்பதுதான் அதன் தர்க்கம். தர்க்கம் சரி. எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை அமைதியான ஒரு சமநிலைக்கான கணக்கு, உங்களுக்கு அமைதிதான் வேண்டும் என்று யார் சொன்னது?

நிறப்பெயர்களில் மூழ்கிவிடுவதால் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது வெளிர்வையும் அடர்த்தியையும். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஜாடியை ஃபோனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நந்தியாவட்டை பளிச்சென்று வெள்ளையாகவும், வாடாமல்லி அடர் சாம்பலாகவும் வரும். செண்டுமல்லியும் ஜினியாவும்? ஜினியா வெளிர் ரோஸாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலில் கரைந்துவிடும். நிறம் வேறு, வெளிச்சம் ஒன்று என்ற நிலையில் இரண்டு பூ ஒட்டி இருந்தால், அவற்றின் விளிம்பு எங்கே என்று கண்ணால் தீர்மானிக்க முடிவதில்லை. விளிம்பு அதிர்வது போலத் தோன்றும். வடிவங்களைப் பிரித்தறியக் கண் முதலில் நம்புவது வெளிச்ச வித்தியாசத்தைத்தான். நிற வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஃபோன் கேமராக்கள் கடுஞ்சிவப்பையும் ஆரஞ்சையும் சற்று மிகைப்படுத்தும், இதழ் மடிப்புகளை மழுக்கிவிடும் என்பதால் இந்தச் சோதனை துல்லியமானது இல்லை. ஆனால் அடர்ந்தது எது, வெளிர்ந்தது எது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இதிலிருந்து வரும் நடைமுறை யோசனை எளிது. எதிர்நிறங்களைச் சேர்க்கும்போது ஒன்றை அடர்வாகவும் மற்றதை வெளிராகவும் எடுங்கள். அடர் ஊதாவோடு எலுமிச்சை மஞ்சள். மெரூன் கோழிக்கொண்டையோடு வெளிர் பச்சை. சங்குப்பூவின் அடர்நீலத்தோடு சந்தன நிறச் சாமந்தி. இரண்டுமே நடுத்தரமான, இரண்டுமே கத்துகிற நிறமாக இருந்தால்தான் வம்பு.

பூக்களை ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஒரு ஆரஞ்சு, ஒரு ஊதா, மறுபடி ஒரு ஆரஞ்சு என்று வைத்தால் ஒழுங்காக இருக்கும் என்று தோன்றும். தள்ளி நின்று பார்த்தால் பொரிப்பொரியாகத்தான் தெரியும். நெசவில் இது எங்களுக்கு நித்தியப் பிரச்சினை. மஞ்சளும் ஊதாவுமாக இழை மாற்றி நெய்த துணியைக் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் தெரியும். நான்கடி தள்ளிப் பார்த்தால் சேறு பூசினாற்போல் ஒரு பழுப்பு. பூ நூலைவிடப் பெரியது, ஆகவே ஒரு அறைக்குள் அப்படி முழுதாகக் கலந்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் சின்னஞ்சிறு பூக்கள் கொண்ட பாத்தியைத் தெருவிலிருந்து பார்க்கும்போது இது நடக்கவே செய்யும். ஒரே நிறத்தை மூன்று, ஐந்து என்று கொத்தாகச் சேர்த்து, கொத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கொத்தின் விளிம்பில் ஒன்றிரண்டு பூ அடுத்த கொத்துக்குள் நழுவியிருந்தால் இயல்பாக இருக்கும்.

சரி, நந்தியாவட்டைக்கு வருவோம். சண்டை போடும் நிறங்களுக்கு நடுவே வெள்ளையை வை என்பது ஷெவ்ரல் காலத்து ஆலோசனை. இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு நிறங்கள் நேராக உரசாமல் வெள்ளை பிரித்து வைக்கிறது என்ற அளவில் அது சரிதான். ஆனால் ஜாடியில் கண் முதலில் போய் ஒட்டுவது வெள்ளையில்தான். பத்து வெள்ளைப் பூவைப் பத்து இடத்தில் தூவினால், நீங்கள் சமாதானத்துக்கு அழைத்தவரே பஞ்சாயத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்வார். வெள்ளை வேண்டுமென்றால் ஒரே பக்கமாக ஒரு கொத்து. அதைவிட, சந்தனம், வெண்ணெய் நிறம் போன்ற மங்கலான வெளிர் நிறம் நன்றாக இழையும். பிரித்து வைக்கும் வேலையை உண்மையில் திறமையாகச் செய்வது இலை. பச்சை எல்லாப் பூவோடும் பிறந்தது, அதைத் துருத்திக்கொண்டு தெரிகிற நிறமாகக் கண் எண்ணுவதே இல்லை. செடியில் இருந்தபோது அந்த நான்கும் ஏன் அழகாக இருந்தன என்பதற்கும் பாதிப் பதில் இதுதான். அங்கே ஒவ்வொரு பூவையும் சுற்றி அதன் அளவைப்போலப் பல மடங்கு பச்சை இருந்தது. ஜாடியில் இலையையெல்லாம் உருவிப் போட்டுவிட்டுத் தலையோடு தலை முட்ட வைத்திருப்பீர்கள். தண்ணீருக்குள் போகும் இலையை உருவத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அழுகி நாறும். மேலே உள்ளதை விட்டுவையுங்கள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் கண்ணின் இயல்பு. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடப்பது. ஏறக்குறைய என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. மற்ற மக்களிடம் இந்த விகிதம் சற்றுக் குறைவு, ஆனாலும் உண்டு. பச்சை இலைக்கு நடுவே சிவப்புப் பூ நமக்குக் கண்ணைப் பறிக்கும் எதிர்நிறம், அவர்களில் பலருக்கு அது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பூ. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நீலமும் மஞ்சளுமாக வைப்பது நல்லது, அந்த ஜோடி அநேகமாக எல்லோருக்கும் தெரியும்.

இனிச் சொல்வதெல்லாம் ரசனை, என்னோடு தாராளமாகச் சண்டை போடலாம். ரோஸும் ஆரஞ்சும் சேரவே கூடாது என்று சிலர் சட்டம் பேசுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ரோஸை நன்றாக அடர்த்தியாக, கிட்டத்தட்ட ராணி நிறத்துக்குக் கொண்டுபோய், ஆரஞ்சைக் கொஞ்சமாக வைத்தால் எனக்குப் பிடித்தமான ஜோடிகளில் அதுவும் ஒன்று. எதிர்நிறம் எது என்பதிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ஓவியர்களின் நிறவட்டத்தில் மஞ்சளுக்கு எதிரே ஊதா, ஆரஞ்சுக்கு எதிரே நீலம். ஒளியைக் கலக்கும் கணக்கில் மஞ்சளுக்கு எதிரே நீலம். இரண்டு வட்டங்களும் வெவ்வேறு வேலைக்காக உண்டானவை, பூச்சாடி வைப்பவர் இதில் எதையும் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. மஞ்சளுக்கு எதிரே நீலத்திலிருந்து ஊதா வரை எது இருந்தாலும் எடுப்பாகவே இருக்கும். ‘சூடான நிறம் உற்சாகம் தரும், குளிர்ந்த நிறம் மனதை அமைதிப்படுத்தும்’ என்ற பேச்சையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கத்துகிற நீலமும் உண்டு, தூங்கவைக்கிற ஆரஞ்சும் உண்டு.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஷேடு பார்க்கும் இடத்தில் நாங்கள் பகல் வெளிச்சத்துக்கு நிகரான, 6500 கெல்வின் (விளக்கொளி மஞ்சள் சாயலா, நீலச் சாயலா என்பதைக் குறிக்கும் அளவு) கணக்கிலான விளக்கைத்தான் நம்புவோம். வீட்டில் மாலையில் எரியும் மஞ்சள் சாயல் பல்பில் நீலமும் ஊதாவும் செத்துப்போகும், ஆரஞ்சு துள்ளும், வெளிர் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசமே தெரியாது. காலையில் ஜன்னலோரம் வைத்து ரசித்த ஜோடி, இரவில் சாப்பாட்டு மேசையில் ஏன் எடுபடவில்லை என்பதற்கு இதுதான் காரணம். எங்கே வைக்கப்போகிறீர்களோ அங்கேயே, அந்த நேரத்து வெளிச்சத்திலேயே அடுக்குங்கள். தோட்டத்திலும் இப்படித்தான். அந்தி மங்கும்போது சிவப்புப் பூ கறுத்துப்போய், நீலமும் வெள்ளையும் எழும்பித் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதிய செக் விஞ்ஞானி புர்கின்யேயின் பெயரால்தான் இன்றும் அது அழைக்கப்படுகிறது. மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரைச் செல்கள் சிவப்பை அநேகமாக உணர்வதே இல்லை. மாலையில் மட்டுமே தோட்டத்தில் உட்காருபவர் என்றால் சிவப்புக்கு எதிராகப் பச்சை என்றெல்லாம் திட்டமிட்டு லாபமில்லை. நீலம், வெளிர் மஞ்சள், வெள்ளை என்று போய்விடுங்கள்.

ஜாடியில் நிறக்கணக்கு நாளுக்கு நாள் மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். வாடாமல்லியில் நாம் ரசிப்பது உண்மையில் பூவைச் சுற்றியுள்ள காகிதம் போன்ற செதில்களைத்தான். காய்ந்தாலும் நிறம் நிற்கும். செண்டுமல்லியும் ஜினியாவும் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். நந்தியாவட்டை சீக்கிரமே பழுத்துவிடும். செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாள்தான், தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும். வெள்ளையை நம்பி நீங்கள் அமைத்த சமநிலை, இரண்டாம் நாள் பழுப்புப் புள்ளிகளாக நிற்கும். ஆயுள் ஒத்துப்போகிற பூக்களை ஜோடி சேர்ப்பது நல்லது. நந்தியாவட்டைக் காம்பை வெட்டினால் பால் வடியும். அதைத் தனியாக ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, பால் நின்றபிறகு ஜாடிக்கு மாற்றுங்கள். ஜினியா பறிக்கும்போது பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தலை தொங்கி ஆடினால் இன்னும் முற்றவில்லை, ஜாடியில் கவிழ்ந்துவிடும். விறைப்பாக நின்றால் வெட்டலாம்.

அடுத்த முறை விதைக்கும்போது ‘கலப்பு நிறம்’ என்று போட்ட பாக்கெட்டை வாங்காதீர்கள். ஏழெட்டு நிறம் ஒன்றாக முளைத்து நிற்கும், எதுவும் ஒரு கொத்துக்குத் தேறாது. ஜினியாவில் தனித்தனி நிறமாகவே விதை கிடைக்கிறது. அடர் ராணி நிறம் ஒன்றும், எலுமிச்சைப் பச்சை ஒன்றும் போடுங்கள். இரண்டும் உங்கள் வாடாமல்லியோடு இழையும். ஆனால் அந்தச் செடிகளிலிருந்தே விதை எடுத்து மறுபடி போட்டால் அதே நிறம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தேனீக்கள் மகரந்தத்தை மாற்றிப் போட்டிருக்கும்.

இப்போதைக்கு உங்களிடம் இருக்கும் நான்கைக் கொண்டே செய்யச் சொன்னால் நான் இப்படிச் செய்வேன். ஜினியாவைத் தனி ஜாடிக்கு மாற்றிவிடுவேன், அது தன் இலைகளோடு தனியாகவே அழகு. மீதியில் வாடாமல்லியை நிறையவும் செண்டுமல்லியைச் சில பூவும், இலையோடு. நந்தியாவட்டையைச் செடியிலேயே விட்டுவிடுவேன். உங்கள் சுவரின் நிறமும் ஜாடியின் நிறமும் எனக்குத் தெரியாததால் இது தொலைவிலிருந்து சொல்கிற யோசனைதான். பின்னால் இருப்பது ஆரஞ்சுச் சுவர் என்றால் செண்டுமல்லி அதில் காணாமல் போய்விடும், அப்போது கணக்கை மாற்ற வேண்டும்.

அரளி விஷயம். நிறத்தை மட்டும் பார்த்தால் வாடாமல்லிக்கும் செண்டுமல்லிக்கும் நடுவே அது கச்சிதமாகவே உட்காரும். ஆனால் அரளியின் இலை, பூ, காம்பு, பால் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம், அதை வைத்த ஜாடித் தண்ணீருக்கும் அந்த விஷம் இறங்கும். குழந்தைகளோ பூனையோ உள்ள வீட்டில் அதை உள்ளே கொண்டுவராதீர்கள். வேலியில் கத்தரிக்கும்போது பால் பட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், கழித்த கிளைகளை எரிக்கவும் வேண்டாம், புகையும் ஆகாது.